பூண்டு மணக்கும் பலகை

அந்த டிசம்பரில் துரைக்குளத்தில் மிதந்த ஒரு பலகையில் பூண்டு வாசம் அடித்தது. சுற்றுலா வந்தவர்கள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "என்னங்க இது ஸ்மெல்?" என்று கேட்டார்கள். பதில் சொல்வதென்றால் இருதயசாமி வீட்டுக் கதை முழுவதையும் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டின் முன்னறையில் இரண்டு வருஷமாகக் குடியிருப்பவள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் திண்டுக்கல்காரி. கூக்கால் பள்ளிக்கூடத்துக்கு மாறுதல் வந்தபோது, ஒரு நாளைக்கு எத்தனை பஸ் என்று கேட்டுவிட்டு ஒரு மணி நேரம் அழுதவள். இருதயசாமி ஐயாவுக்கு அப்போது அறுபத்தொரு வயது. மனைவி போய்ப் பல வருஷம். மலைச்சரிவில் பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டிருந்தார். மகன் ஜெரால்டு பிக்கப் வண்டியில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகிறவன். மருமகள் பிரின்ஸி மணப்பாட்டுப் பெண். கடற்கரையிலிருந்து ஆறாயிரம் அடி உயரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

மணப்பாட்டில் அவள் கல்யாணத்துக்கு முன்னால் அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கும் ஒரு இடத்தில் ஐந்து வருஷம் வேலை பார்த்திருந்தாள். கூக்காலுக்கு வந்து ஆறு வருஷம் கேரட் கழுவினாள், பூண்டுக்குக் களையெடுத்தாள், ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. ஆனால் பஸ் ஏரிக்கரை வழியே போகும்போதெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருப்பாள். அந்த முகத்தைப் பார்த்தால் கல்லுக்கும் பாவமாக இருக்கும்.

போன வருஷம் அவள் வேலை பார்த்த இடத்தை மூடினார்கள். பழைய பலகைகளை விற்கிறார்கள் என்று தங்கச்சி போனில் சொன்னாள். நின்றுகொண்டே துடுப்புப் போட்டுப் போகிற பலகைகள். ஜெரால்டு வண்டியை எடுத்துக்கொண்டு அவளோடு போனான். திரும்பி வந்து அவன் சொன்ன கதையை ஊரே கேட்டுச் சிரித்தது.

"டீச்சர், பொண்ணு பாக்கப் போன வீட்டுல கூட எங்க அப்பா அம்புட்டுக் கேள்வி கேக்கல. பளபளன்னு செவப்புல ஒண்ணு இருந்துச்சு, ஊசி மாதிரி. அதை எடுப்போம்னேன். 'அது வேகமாப் போறவுகளுக்குங்க. நம்ம ஊருக்கு வர்றவுக செல்போனைத் தூக்கிக்கிட்டு நிக்கிறவுக, அவுகளுக்கு அகலமா வேணும்'னா. மொழம் போட்டு அளந்தா. நடுவுல ஏறி நின்னு குதிச்சா. தையலு, வால்வு எல்லாத்துலயும் சோப்புத் தண்ணியத் தடவி நொரை மொட்டு வருதான்னு பாத்தா. பதினோரு பலகையில நாலைத்தான் எடுத்தா. கடைக்காரன் கையெடுத்துக் கும்பிட்டுட்டான்."

நாலில் ஒன்று கெட்டிப் பலகை, உள்ளே நுரையும் மேலே ஃபைபரும் வைத்தது. மற்ற மூன்றும் காற்றடிப்பவை. பாய் மாதிரி சுருட்டித் தோளில் போட்டுக்கொள்ளலாம்.

துடுப்பு விஷயத்திலும் அவள் விடவில்லை. அலுமினியத் துடுப்பு மலிவாகக் கிடந்தது. வேண்டாமென்று ஃபைபர் துடுப்பையே பொறுக்கியிருக்கிறாள். காரணம் கேட்டேன். "எங்க ஊர் வெயிலுக்கு அலுமினியம் சரி டீச்சர். இங்க வெள்ளனே ஏழு மணிக்கு அதைப் பிடிச்சா வெரல் வெறைச்சுப் போகும். வெறைச்ச கை துடுப்பை விட்டுரும். உள்ள தண்ணி போச்சுன்னா அது முங்கவும் முங்கிரும்." நாங்கள் யாரும் யோசிக்காத குளிரை அந்தக் கடற்கரைக்காரி யோசித்திருந்தாள்.

கூக்காலிலிருந்து அரை மணி நடையில் ஒரு தனியார் எஸ்டேட். அதற்குள் இருப்பதுதான் துரைக்குளம். எஸ்டேட் மேனேஜர் நல்லசாமி கறாரான ஆள். எஸ்டேட் விருந்தினர் விடுதிக்கு வருகிறவர்களுக்காகக் குளத்தில் ஏதாவது விளையாட்டு வைக்க வேண்டுமென்று முதலாளி சொல்லியிருந்தார். டவுனிலிருந்து அன்னப்பறவை வடிவ மிதிபடகுக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிரின்ஸியும் போய்க் கேட்டாள். நல்லசாமி அவளுக்கு மூன்று மாதம் தவணை கொடுத்தார். குளத்தோரக் கொட்டகையின் சாவியையும் கொடுத்தார்.

"டிசம்பர்ல ஒரு சனிக்கிழமை எட்டுப் பேரு வருவாங்க. எம் மகளும் வருவா. நாலு போர்டும் தண்ணியில கெடக்கணும். நல்லபடியா முடிஞ்சா ஒரு வருசத்துக்குக் குளம் உனக்கு. இல்லேன்னா அன்னைக்குச் சாயங்காலமே சாவியக் குடுத்துட்டுப் போயிரணும்" என்றார்.

அந்த மூன்று மாதமும் அவளைப் பார்க்க வேண்டுமே. காற்றடிக்கும்போது பம்பில் முள் பதினைந்தைத் தொட்டதும் நிறுத்திவிடுவாள். "லாரி டயருக்கு நூறு காத்து வைக்கிறோம், இதுக்குப் பதினஞ்சுதானா?" என்று ஜெரால்டு நக்கலடிப்பான். பத்து மணி வெயில் ஏறியதும் வால்வைத் தட்டிக் கொஞ்சம் காற்றை இறக்குவாள். மலைமேல் பஸ் ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலில் கிடந்தால் பலகையும் அப்படி உப்பித் தையல் விட்டுவிடும் என்பாள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, அடியில் மீன்சிறகு மாதிரி இருக்கும் தகட்டைக் கழற்றித் தனியாக வைத்து, நிழலில் காயப்போடுவாள். கொட்டகையில் எலி கடிக்கும் என்பதால் மூன்று பலகையும் வீட்டுக்கு வரும். கெட்டிப் பலகை மட்டும் அங்கேயே இருக்கும்.

அக்கம்பக்கத்துப் பெண்களை முற்றத்தில் நிறுத்திச் சொல்லிப் பழகுவாள். "கையத் தூக்குங்க. துடுப்போட தலை ஒங்க மணிக்கட்டுல வந்து நிக்கணும், அதான் ஒங்க அளவு. கீழ தட்டையா இருக்குற இலையப் பாருங்க, வளைஞ்சிருக்கா? வளைவு முன்னாடி சாயணும், ஒங்களப் பாத்து இல்ல. மொதல்ல முட்டி போடுங்க, பெறகு எந்திரிங்க. விழுந்தாப் பலகைய விட்றாதீங்க, அதுதான் ஒங்க படகு." இருதயசாமி ஐயா ஒரு மூலையில் பூண்டுக்கு வால் அறுத்துக்கொண்டிருப்பார். தலை நிமிர மாட்டார். அவருக்கு இதெல்லாம் காதில் ஏறுவதாகவே நான் நினைக்கவில்லை.

நவம்பர் கடைசியில் மழை பிடித்தது. பத்து நாள் சூரியனைக் காணோம். துணி காயவில்லை, புத்தகங்கள் நமுத்துப்போயின. பிரின்ஸியின் தங்கச்சி குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று போன் வந்தது. பலகைகளைத் துடைத்து, சுருட்டாமல் விரித்துச் சாய்ப்பில் வைத்துவிட்டு மணப்பாட்டுக்குக் கிளம்பினாள். ஜெரால்டும் லோடு லோடாக ஓடிக்கொண்டிருந்தான்.

அவள் போன மூன்றாம் நாள் பலகைகள்மேல் வெள்ளையாகப் பூசணம் பூத்தது. ஐயா அதைப் பார்த்தார். கூக்காலில் ஈரத்துக்குப் பயந்த பண்டம் எதுவானாலும் அடுப்புக்கு மேலே புகைப்பரணில் ஏற்றிவிடுவார்கள். விதைப்பூண்டு அங்கேதான் கட்டுக்கட்டாகத் தொங்கும். புகை பட்ட பூண்டு மாதக்கணக்கில் கெடாது. ஐயா தன் பூண்டையெல்லாம் இறக்கித் தரையில் வைத்துவிட்டு, மூன்று பலகையையும் பரணில் தொங்கவிட்டார். தைலமர விறகை அளவாக வைத்து, நான்கு நாள் அந்த அடுப்பை அணையவிடாமல் பார்த்துக்கொண்டார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எம்.எஸ்ஸி. படித்த எனக்கும் தோன்றவில்லை. "நல்ல வேலை செஞ்சீங்கய்யா" என்று வேறு சொன்னேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பிரின்ஸி ஒரு கட்டு நெத்திலிக் கருவாட்டோடு வந்து இறங்கினாள். சனிக்கிழமைதான் நல்லசாமி சொன்ன நாள். ஐயா வாசலிலேயே நின்றார். பலகைகளைத் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். பூசணம் ஒரு பொட்டு இல்லை, அப்பளம் மாதிரி காய்ந்திருந்தன.

"பாத்தியா தாயி, ஒரு பூசணம் இல்ல. பரண்ல போட்டுட்டேன்ல" என்றார்.

பிரின்ஸி கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். பலகையை முகர்ந்தாள், பரணில் வருஷக்கணக்காக ஊறிய பூண்டு வாசம். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன், ஐயா பார்க்கவில்லை. "ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீக மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று ராத்திரிச் சாப்பாடு நெத்திலியும் மலைப்பூண்டும் போட்ட குழம்பு. ஐயா இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் முற்றத்தில் வைத்துக் காற்றடித்தாள். பரணின் ஓரத்தில் தொங்கிய மூன்றாவது பலகைக்கு ஒன்றுமில்லை. அடுப்புக்கு நேர் மேலே தொங்கிய இரண்டிலும் முள் பத்தைத் தொட்டபோது, வால் பக்கத்துத் தையலில் நகம் நுழைகிற அளவுக்குப் பட்டை தூக்கியது. புகைச் சூட்டில் பசை இளகியிருந்தது. சோப்புத் தண்ணீர் தடவினாள். பொடிப்பொடியாக மொட்டு வந்தது.

ஐயா அந்த மொட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான் கெடுத்துட்டேனா தாயி?"

"சூடு ஆகாது மாமா இதுக்கு. நான் ஒங்ககிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கணும். எம் மேலதான் தப்பு."

பெட்டியிலிருந்த பசையை எடுத்து, இரண்டையும் சுரண்டித் துடைத்து ஒட்டி, அம்மிக்கல்லை மேலே ஏற்றி வைத்தாள். பசை பிடிக்க ஒரு முழு நாள் ஆகும். இந்தக் குளிருக்கு இன்னும் கூடவே ஆகும். சாயங்காலம் மூன்றாவது பலகையைக் குளத்துக்குக் கொண்டுபோய், ஒரு மணி நேரம் அதன்மேல் நின்று, குதித்து, கவிழ்த்துப் பார்த்துவிட்டு அங்கேயே கொட்டகைச் சட்டத்தில் எலிக்கு எட்டாமல் கட்டிவிட்டு வந்தாள். "இது தாங்கும்" என்றாள்.

ஜெரால்டு லோடு இறக்கிவிட்டு வந்தபோது கதை தெரிந்தது. தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நாளைக்கு வெள்ளனே பசை காஞ்சிரும்ல? அரை மணி நேரந்தானே பிள்ள ஒவ்வொருத்தரும் ஏறப் போறாக. காத்தக் கொஞ்சம் கம்மியா வச்சு ஓட்டிருவோம். நாலு போர்டு வேணும்னு அந்த ஆளு சொல்லியிருக்காரு. டவுன்காரன் அன்னப்பறவைய லாரியில ஏத்தி ரெடியா நிக்கிறான்."

"காத்து கம்மின்னா நடுவுல வளையும். வளைஞ்சா விழுவாக."

"ஜாக்கெட் போட்டுத்தானே இருப்பாக?"

"தண்ணி எப்படிக் குளுருது தெரியுமா? விழுந்த ஒடனே மூச்சு அடைக்கும். நீந்தத் தெரிஞ்சவுகளுக்கே அப்படித்தான். அரை மணி நேரம் தாங்கும்னு நீங்க சொல்றீங்க. நான் எதை வச்சுச் சொல்ல? ஆள் ஏறி நிக்காம ஒண்ணுஞ் சொல்ல முடியாது. பசை சரியாக் காயாம ஆள் ஏறவுங்கூடாது. நாளைக்கு அந்த ரெண்டும் கெடையாது. ரெண்டு போர்டுதான்."

"குளம் போயிரும்டீ."

"போனாப் போகட்டும்" என்றாள். சொல்லும்போது குரல் உடைந்தது. ஆறு வருஷம் பஸ் ஜன்னல் வழியே தண்ணீரைப் பார்த்தவள் அப்படிச் சொன்னாள். ஐயா அன்று சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு நானும் பிரின்ஸியும் துடுப்புகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். ஜெரால்டு விடுதி ஆட்களை ஏற்றிவர வண்டியோடு போயிருந்தான். எனக்குத் தண்ணீரென்றாலே பயம், ஆனாலும் துணைக்குப் போனேன். கொட்டகைச் சாவி ஆணியில் இல்லை. ஜெரால்டு எடுத்திருப்பான் என்று நினைத்தோம். நான்கு துடுப்பில் ஒன்றும் குறைந்தது. அதற்கும் அவனையே சொல்லிக்கொண்டோம். ஓரமெல்லாம் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது.

குளத்தின் மேலே மூடுபனி. அதற்குள்ளிருந்து யாரோ முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. பிரின்ஸி சட்டென்று நின்றாள். பனி கொஞ்சம் விலகியபோது, கரையிலிருந்து ஒரு கல் எறிகிற தூரத்தில் இருதயசாமி ஐயா பலகைமேல் நின்றுகொண்டிருந்தார்.

அறுபத்து மூன்று வயது, நீச்சல் தெரியாது. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட், அதற்குக் கீழே மடித்துக் கட்டிய வேட்டி. கையில் துடுப்பு. அம்மிக்கல்லுக்கு அடியிலிருந்த இரண்டு பலகைகளில் ஒன்று அது, நாங்கள் எழுவதற்கு முன்பே இருட்டோடு எடுத்து வந்து காற்றடித்திருக்கிறார்.

"மாமா!" என்று கத்தினாள்.

அவர் திரும்பவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சீறுகிற சத்தம் வந்தது. பலகையின் வால் சரிந்தது, நடுவில் மடிந்தது. ஐயா முட்டி போட்டார். பிறகு குப்புற விழுந்து இரண்டு கையாலும் பலகையை அணைத்துக்கொண்டார். தண்ணீர் அவர் முதுகின்மேல் ஏறியது.

பிரின்ஸி என்ன செய்தாள் என்பதை வரிசையாகச் சொல்ல என்னால் முடியவில்லை. திறந்து கிடந்த கொட்டகையிலிருந்து கெட்டிப் பலகையை ஒற்றை ஆளாக இழுத்து வந்து தண்ணீரில் தள்ளியதைப் பார்த்தேன். அதில் அவள் எப்போது எழுந்து நின்றாள் என்று தெரியாது. இடுப்பை வளைத்து, துடுப்பை முன்னால் நட்டு, உடம்பையே அதன் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அதுவரை அவள் மெதுவாகத் துடுப்புப் போடுவதை மட்டுமே பார்த்திருந்தேன். அன்றுதான் அவள் யாரென்று எனக்குத் தெரிந்தது. கரையில் நின்று நான் அழுதுகொண்டிருந்தேன், அவ்வளவு பயத்திலும் ஒரு பெருமை.

அவரைத் தன் பலகையில் ஏற்றி முன்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்தாள். மாட்டுவண்டியில் வருகிறவர் மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பல் கிட்டிப்போய் நடுங்கியது. ஆனால் கையில் துடுப்பை விடவில்லை. காற்றுப் போன பலகையும், அதை அவர் காலோடு பிணைத்த கால்கயிற்றில் பின்னாலேயே வந்தது.

கரையில் ஈரத்தைக் கழற்றி, என் சால்வையையும் கொட்டகையில் கிடந்த இரண்டு போர்வையையும் சுற்றி, சுள்ளி பொறுக்கித் தீ மூட்டினோம். ஜாக்கெட்டைக் கழற்றும்போது பிரின்ஸி கவனித்தாள். மூன்று கொக்கியும் சரியாக மாட்டியிருந்தது. கால்கயிறு கெண்டைக்காலில் சரியான இடத்தில் இருந்தது. துடுப்பு அவர் உயரத்துக்கு மணிக்கட்டளவு ஏற்றிப் பூட்டப்பட்டிருந்தது.

"யாரு மாமா சொன்னா இதெல்லாம்?"

"நீதானே தெனமும் சொல்லுவ."

அவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏன் மாமா இப்படிச் செஞ்சீக?"

"ஆள் ஏறி நிக்காமத் தெரியாதுன்ன. தெரிஞ்சுக்கிறதுக்கு நீயே ஏறிருவியோன்னு பயமாப் போச்சு. கெடுத்தது நானு. ஏறுறதும் நாந்தானே ஏறணும்?" மூச்சு வாங்கினார். "கைல கடியாரம் இல்ல. ஜெபமாலை சொல்லி எண்ணிக்கிட்டேன். ரெண்டு பத்து முடிஞ்சு, மூணாம் பத்துல ஆறாவது அருள் நிறைந்த மரியேக்கு படக்குன்னு விட்டுச்சு தாயி."

ஒரு பத்துக்குப் பத்து ஜெபம் என்று பிரின்ஸி மனசுக்குள் கணக்குப் போட்டாள். "பத்து நிமிசங்கூட இல்ல" என்றாள் என்னைப் பார்த்து. அரை மணி தாங்கும் என்று ஜெரால்டு சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

எட்டரைக்கு ஜெரால்டின் வண்டியும் நல்லசாமியின் ஜீப்பும் வந்தன. எட்டுப் பேர். நல்லசாமியின் மகள் ஸ்வேதா, கல்லூரியில் படிக்கிறவள், முதலில் குதித்து இறங்கினாள். நல்லசாமி குளத்தைப் பார்த்தார். தீக்குப் பக்கத்தில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்த ஐயாவைப் பார்த்தார்.

"ரெண்டுதான் கெடக்கு?"

"ரெண்டுதான் சார்." பிரின்ஸி கிழிந்த பலகையை இழுத்து வந்து அவர் காலடியில் போட்டாள். வாய் பிளந்த தையலைக் காட்டினாள். பூசணம், பரண், புகை, பசை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பூண்டு என்றதும் வந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். நல்லசாமி சிரிக்கவில்லை. "இன்னொண்ணும் இதே மாதிரிதான், வீட்டுல கெடக்கு. அதையும் ஏத்த மாட்டேன். ரெண்டு ரெண்டு பேரா ஏத்துறேன், நேரம் கூட ஆகும். இந்த ரெண்டையும் நான் நம்புறேன். வேண்டாம்னா சாவி இந்தா இருக்கு."

ஜெரால்டு கண்ணை மூடிக்கொண்டான்.

நல்லசாமி குனிந்து அந்தத் தையலுக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். "இது தண்ணியிலயா விட்டுச்சு? யாரு ஏறினது?"

"நாந்தேன்" என்றார் ஐயா போர்வைக்குள்ளிருந்து.

"ஒங்களுக்கு நீச்சத் தெரியுமாண்ணே?"

"தெரியாது. வர்றவுகளுக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

நல்லசாமி தையலிலிருந்து விரல்களை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். நீட்டிய சாவி பிரின்ஸியின் கையிலேயே இருந்தது. பிறகு மகள் பக்கம் திரும்பினார். "ஸ்வேதா, நீ மொதல்ல ஏறு."

பிரின்ஸி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஸ்வேதாவின் கையைத் தூக்கச் சொல்லி, துடுப்பை மணிக்கட்டுக்கு அளந்து பூட்டினாள். ஜாக்கெட்டின் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். முட்டி போடச் சொன்னாள், எழுந்திருக்கச் சொன்னாள். அந்தப் பெண் தள்ளாடி எழுந்து நின்று, துடுப்பைத் தண்ணீரில் வைத்தாள். பிரின்ஸி வாயைத் திறப்பதற்கு முன்னால் தீப்பக்கமிருந்து குரல் வந்தது.

"பாப்பா, துடுப்பத் திருப்பிப் பிடி. வளைவு முன்னாடி சாயணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நல்லசாமியும் சிரித்தார். பிரின்ஸி சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கெட்டிப் பலகையில் அடுத்த ஆளை ஏற்றப் போனாள்.

மதியம் இரண்டு மணிவரை ரெண்டு ரெண்டு பேராக ஏறினார்கள். பத்து மணிக்கு வால்வைத் தட்டிக் காற்றை இறக்க அவள் மறக்கவில்லை. ஒருவரும் விழவில்லை. எல்லோரும் கிளம்பிய பிறகு, பேச்சுப் பேச்சாக இருக்க வேண்டுமென்று பிரின்ஸி சாவியை எடுத்து மறுபடியும் நீட்டினாள். நல்லசாமி ஜீப்பில் ஏறிக்கொண்டே, "சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும். அண்ணனை வெரசா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ, காய்ச்சல் கண்டுரும். அன்னப்பறவைக்காரனுக்கு நான் போன் போட்டுக்கிறேன்" என்றார்.

ஜெரால்டு மூன்றாவது பலகையைக் கழுவித் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டான். இன்னும் பூண்டு வாசம் அடித்தது. ஐயா அதை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் ஈரமாத்தான் கெடக்கு. எங்க காயப் போடணும் தாயி?" என்று கேட்டார்.

"நிழல்ல மாமா. நீங்களே போட்டுருங்க" என்றாள் பிரின்ஸி.